முத்தாயி வளைவு

காலை ஆறரை மணிக்குப் பழனிவேல் லாரியைக் கிளப்பினால் எதிர்வீட்டு ஜெயலட்சுமி ஓடிவந்து கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு போவாள். அவ்வளவு புகை. கரும்புகை முதலில் வேப்பமரத்தின் மேல் ஏறும், பிறகு நிதானமாகத் தெருவுக்குள் இறங்கும். பதினாறு வருஷ வண்டி அது. அரியலூரைச் சுற்றியிருக்கும் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, சிமெண்ட் ஆலைகளில் கொட்டி, அதன் ஆயுசு போயிருந்தது. நெஞ்சுச்சளி பிடித்த ஆள் மாதிரி இருமிக்கொண்டேதான் கிளம்பும். அந்த இருமலைக் கேட்டே தெருவில் பலரும் மணி சொல்வார்கள்.

மெக்கானிக் மகேஷ் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எஞ்சினை எறக்கணும்ணே. ரிங்கெல்லாம் தேஞ்சுபோச்சு. ஆயில் குடிக்குது பாருங்க. இப்படியே ஓட்டுனா ஒரு நாளைக்கு நடுரோட்டுல நிப்பீங்க."

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குடா எஞ்சின் வேலை?"

"அப்ப வாங்குறவங்ககிட்ட உள்ளதச் சொல்லி வித்துடுங்க."

பழனிவேல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் கிளச்சை மிதிக்க மறுத்தது. வண்டியை விற்றுவிட்டு, இருக்கிற ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் இந்தப் புகையையும் இருமலையும் வைத்துக்கொண்டு யார் வாங்குவார்கள்?

அரியலூரில் உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு வகை பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்று டீசல் டேங்கில் ஊற்றுவது. மற்றது எஞ்சின் ஆயிலில் ஊற்றுவது. உள்ளே படிந்த கசடைக் கரைத்துவிடும்.

"ஆயில்ல ஊத்துறது ஒண்ணு போதும்ங்க. பத்து நிமிஷம் நின்ன எடத்துலயே ஓடவிட்டு, சூடு ஆறறதுக்குள்ள பழைய ஆயில் முழுசையும் எறக்கிடணும். புது ஆயில், புது ஃபில்டர் போட்டுட்டுத்தான் ரோட்டுல எடுக்கணும். ரொம்பப் பழைய எஞ்சின்னா ஊத்துறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கேட்டுக்குங்க. கசடு கழண்டு எங்கயாவது அடைச்சிடும்."

பழனிவேல் தலையாட்டினார். ஆயிலுக்கு ஒன்றுக்கு மூன்றாகவும், டீசலுக்கு இரண்டும் வாங்கினார். மகேஷைக் கேட்கவில்லை. மூன்றையும் எஞ்சின் ஆயிலில் ஊற்றி, டீசலிலும் இரண்டு பாட்டில் ஊற்றினார். ஆயிலை இறக்கவில்லை. யாரோ ஓட்டப்போகிற வண்டிக்குப் புது ஆயில் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு நினைப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலை வண்டியைக் கிளப்பினார். இருமல் இல்லை. புகையும் இல்லை. ஜெயலட்சுமி வெளியே வரவில்லை. அவள் வீட்டுத் துணிகள் வெள்ளையாகக் கொடியில் அசைந்துகொண்டிருந்தன. பதினாறு வருஷம் கேட்ட குரல் காணாமல்போய், யாரோ மெல்ல மூச்சு விடுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. பழனிவேலுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது.

அவர் மனைவி பொன்னம்மாள் ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தாள். வாசலைப் பார்த்துவிட்டு ஒரு நொடி திகைத்து நின்றாள்.

"நம்ம வண்டியா இது? யாரு வண்டியோ வாசல்ல வந்து நிக்குதுன்னுல்ல நெனச்சேன்."

அன்று மாலையே கோகுலகிருஷ்ணன் வந்தான். உடையார்பாளையம் பக்கத்து ஆள். ஒன்பது வருஷமாக அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வாங்க வந்திருந்தான். கூட அவன் மனைவி வேணியும் வந்திருந்தாள். அவர்களுக்கு இருந்த சின்ன முந்திரித் தோப்பு கைமாறிப் போய்த்தான் இந்த லாரி வரப்போகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

கோகுலகிருஷ்ணன் சாலையில் ஓட்டிப் பார்த்தான். சைலன்சர் வாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்தான். கையில் கரி ஒட்டவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எஞ்சின்ல ஏதாச்சும் ஊத்துனீங்களாண்ணே?" என்று நேராகவே கேட்டான்.

"சேச்சே. ஒண்ணும் ஊத்தல தம்பி. நல்லா வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

வேணி வண்டியின் முகப்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள். பழனிவேல் அந்தப் பக்கம் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

வண்டி கைமாறி ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் அது நடந்தது.

பழனிவேலின் ஊரை ஒட்டி, கல்லங்குறிச்சி போகிற சாலையில் கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளம் ஒன்று உண்டு. கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் போனபின் அதில் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நிற்கிறது. அதை ஒட்டிச் சாலை இறக்கமாக இறங்கி வளைகிறது. லாரிகள் கிளப்பும் சுண்ணாம்புத்தூள் படிந்து அங்கே மரம், புல், வேலி எல்லாமே வெளுத்துக் கிடக்கும். வெயில் நேரத்தில் அந்த இடத்தில் நிழல்கூட வெள்ளையாகத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் முத்தாயி என்ற பெண் புல்லுக்கட்டோடு வரும்போது அந்த வளைவில்தான் ஒரு லாரி மோதிச் செத்துப்போனாள். மோதிய லாரி நிற்கவில்லை. எந்த லாரி என்று கடைசிவரை தெரியவுமில்லை.

கோகுலகிருஷ்ணன் அந்த வளைவுக்கு வந்தபோது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலேயே எஞ்சினின் சத்தம் ஏறியது. காலைத் தூக்கிப் பார்த்தான். இன்னும் ஏறியது. வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் உட்கார்ந்து மிதிக்கிற மாதிரி அது அலறியது. வெண்புகை கிளம்பிச் சாலையை மூடியது. எதிரே வந்த மொபெட்டுக்காரர் புகைக்குள் திசை தெரியாமல் வேலியில் போய் விழுந்தார். இரண்டு நிமிஷம். பிறகு தானாகவே மூச்சடங்கி நின்றது.

கூடியவர்களில் ஒரு கிழவர் மெல்லச் சொன்னார்: "அவளை அடிச்ச வண்டி நிக்காமப் போச்சு. அதான், இப்ப இங்க வர்ற வண்டிய நிக்கவிட மாட்டேங்குறா."

கோகுலகிருஷ்ணன் பழனிவேலுக்குப் போன் செய்தான். நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் பழனிவேல் எல்லாவற்றையும் கேட்டார். கடைக்காரர் சொன்னது வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் 'ஆயிலை உடனே இறக்கு, மகேஷிடம் கொண்டுபோ' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் முன்னால் சொன்ன பொய்யும் வெளியே வரும்.

"அந்த எடம் கொஞ்சம் அப்படித்தான் தம்பி. எனக்கும் ஒருவாட்டி ஆச்சு. பயப்படாத. ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்திப் போட்டுட்டு எடு" என்றார்.

அப்படி அவருக்கு ஒருபோதும் ஆனதில்லை.

வண்டி மறுநாள் ஒழுங்காகக் கிளம்பியதால் கோகுலகிருஷ்ணனும் அதை நம்பினான். ஆனால் சொன்ன பொய் அவனோடு நிற்கவில்லை. லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, 'பழைய ஓனருக்கே நடந்திருக்காம்' என்று அது வளர்ந்தது. ஒருவன் வெள்ளைப் புடவையைப் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவனுக்குப் புல்வாசம் அடித்ததாம். வளைவில் தினமும் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. உடைத்த பூசணிக்காயின் சிவப்பு அந்த வெள்ளைத் தூளில் ரத்தம் மாதிரி ஊறிக் கிடந்தது.

அந்த வளைவிலேயே ஒரு பெட்டிக்கடை இருந்தது. முத்தாயியின் மகள் சண்முகப்பிரியா நடத்துகிற கடை. அம்மா செத்த பிறகு தம்பியைப் படிக்கவைக்க அவள் போட்ட கடை அது. லாரிக்காரர்கள்தான் அவளுடைய வாடிக்கை. இப்போது ஒரு வண்டியும் அங்கே நிற்கவில்லை.

பழனிவேல் ஒரு நாள் பீடி வாங்கும் சாக்கில் அங்கே போனார். கடை வாசலில் யாரோ வேப்பிலையைச் செருகியிருந்தார்கள். டீக்கு வைத்த பால் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"என்ன பாப்பா, யாவாரம் இல்லையா?"

சண்முகப்பிரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிப் பெரியப்பா இருக்கும்? எங்கம்மாவக் கட்டணுமாம். குறிகாரரக் கூட்டியாந்து ஆணி அடிக்கணுமாம். ஊர்ல நாலு பேரு வந்து சொல்லிட்டுப் போறாங்க. உசுரோட இருந்தப்ப எங்கம்மா ஒரு ஆளத் திட்டுனது கெடையாது. வெயில்ல நிக்குற டிரைவருக்கெல்லாம் மோரு குடுப்பா. செத்த பொறவு அவள லாரி ஓட்ட வச்சுட்டீங்க எல்லாரும்."

பீடிக்கட்டை வாங்கிக்கொண்டு பழனிவேல் நடந்தார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை அவள். 'எல்லாரும்' என்றுதான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் தன் பெயர் மட்டும் இருப்பதாக அவருக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. அதே இருமல். பதினாறு வருஷத்துப் பழைய குரல். எஞ்சின் துடிப்பில் அடுப்படித் தட்டுகள் அதிரும் சத்தம்கூடக் கேட்டது. அவர் எழுந்து ஓடினார். வாசல் காலியாக இருந்தது. வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வெயிலில் மின்னியது. அதற்கு மேலே, அப்போதுதான் ஏதோ கடந்து போன மாதிரி, வெள்ளைத் தூசி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டில் போன ஏதாவது வண்டியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார். பொன்னம்மாள் கரண்டியோடு கதவருகே நின்றிருந்தாள்.

"ஏங்க, நம்ம வண்டி வந்துச்சா? சத்தம் கேட்டுச்சே."

"இல்ல. ஒண்ணும் கேக்கல" என்றார் பழனிவேல்.

அதுவும் பொய். சொல்லச் சொல்ல வாய்க்கு அது பழகிப்போயிருந்தது.

நான்கு நாள் கழித்து, வெயில் உச்சிக்கு ஏறிய நேரம். வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வேணி. செருப்பில்லாத கால், அவிழ்ந்த கூந்தல், தலை முதல் புடவை வரை சுண்ணாம்புத்தூள். ஒரு கணம் பழனிவேலுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வளைவில் பார்த்ததாகச் சொன்னார்களே, அந்த வெள்ளை உருவமே வீடு தேடி வந்துவிட்டதோ என்று உடம்பு உறைந்தது.

அவள் வலது கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் லாரிச் சாவி இருந்தது.

"சாவி எங்கிட்ட இருக்குண்ணே. வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"கல்லங்குறிச்சி கலியபெருமாள் கோயில்ல பூசை போடலாம்னு வந்தோம். அங்கயே, அந்த எடத்துலயே… அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. கை பிரேக்கு பிடிக்கல. கால எடுத்தா வண்டி உருண்டுரும். வாங்கண்ணே, நீங்கதான் அந்த வண்டியோட பழகுனவரு."

முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பழனிவேல் ஓடினார். வளைவு வருவதற்கு முன்பே சத்தம் வந்தது. அது எஞ்சின் சத்தமாக இல்லை. தொண்டை கிழியக் கத்துகிற சத்தம். சாலையே தெரியவில்லை, வெள்ளைப் புகை சுவர் மாதிரி நின்றது. அதன் விளிம்பில் இருபது முப்பது பேர் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றார்கள். யாரும் கிட்டப் போகவில்லை.

லாரிக்குள் கோகுலகிருஷ்ணன் இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தான். கியரைப் போட்டு எஞ்சினை அடக்கப் பார்த்திருக்கிறான். தேய்ந்த கிளச் வழுக்கியதே தவிர எஞ்சின் அடங்கவில்லை. அவன் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. 'தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க' என்றுதான் அவன் கத்திக்கொண்டிருந்தான்.

ஏனென்றால் லாரிக்கு நேர் முன்னால், இறக்கத்தில், சண்முகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்தோடு வந்திருந்த குறிகாரர் சொல்லியிருந்தார்: 'மக வந்து முன்னால நின்னு கேட்டாத்தான் ஆத்தா அடங்குவா.' நான்கு பெண்கள் கடையிலிருந்து அவளை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் கை கூப்பியிருந்தாள். கண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும் முகத்தில் தூசி இல்லை. "அம்மா, போதும்மா, போயிரும்மா" என்று அந்த இரும்பைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். லாரி அதிர்ந்து அதிர்ந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

பழனிவேல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளைப் பிடித்து இழுத்தார்.

"உங்கம்மா இல்ல பாப்பா! தள்ளு! சாக்கு குடு, ஈரச்சாக்கு!"

அவள் விழித்தாள். பிறகு ஏதோ புரிந்தவளாய்க் கடைக்குள் ஓடி, தண்ணீர்ப்பானையைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவிக்கொண்டு வந்தாள். முன்பு ஒருமுறை சேலம் பக்கம் ஒரு மெக்கானிக் இப்படி ஓடிய எஞ்சினை அடக்கியதைப் பழனிவேல் பார்த்திருந்தார். கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும், எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் குழாயில் தொற்றி ஏறினார். அதன் வாயில் சாக்கை மடித்து அழுத்தினார். எஞ்சின் சாக்கை உள்ளே இழுத்தது. அவர் கையையும் சேர்த்து இழுத்தது. சண்முகப்பிரியா சக்கரத்தின் மேல் ஏறி, கடைப் பலகை ஒன்றைச் சாக்கின் மேல் வைத்து அழுத்தினாள். கீழே உறுமல் குழறியது, திணறியது. வண்டி தலை முதல் வால் வரை ஒருமுறை உலுக்கிக்கொண்டு நின்றது.

அப்படி ஒரு அமைதி. பள்ளத்துத் தண்ணீரில் ஒரு தவளை குதித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா, மக வந்ததும் அடங்கிட்டா" என்றார் குறிகாரர்.

பழனிவேல் மேலேயிருந்தபடியே சொன்னார்.

"முத்தாயி இல்லய்யா. நான். எஞ்சின் போன வண்டிய நல்ல வண்டின்னு சொல்லி இந்தத் தம்பி தலையில கட்டுனேன். கசடு கரைக்கிற மருந்த அளவுக்கு மேல ஊத்திப் பொகைய மறைச்சேன். ஆயில எறக்கல. அவன் கேட்டப்பவும் ஒண்ணும் ஊத்தலன்னு சொன்னேன். வண்டி மொதல்ல இப்படி ஆனப்ப, எனக்கும் ஆச்சுன்னு புளுகுனேன். செத்துப்போன பொம்பள மேல பழியத் தூக்கிப் போட்டேன்."

யாரோ சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகு கோகுலகிருஷ்ணன் கேபினிலிருந்து இறங்கினான். அடிக்கத்தான் வருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் பழனிவேலின் முகத்தைப் பார்த்தான். பிறகு சாலையோரம் உட்கார்ந்து அழுதான். அடித்திருந்தால் தேவலை என்று பழனிவேலுக்கு இருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய் மகேஷின் பட்டறையில் விட்டார்கள். எல்லோரும் பார்க்க எஞ்சினைப் பிரித்தான் மகேஷ். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து எண்ணெய் திரும்புகிற குழாய் முழுக்கத் தார் மாதிரிக் கசடு.

"பாருங்க, மருந்து இதையெல்லாம் பேத்து விட்டிருக்கு. ஆயிலோட வெளிய போகவேண்டியது, ஆயில எறக்காததால உள்ளயே சுத்தி வந்து இங்க அடைச்சிடுச்சு. ஆயிலும் தண்ணியாப் போச்சு. திரும்ப வழியில்லாத எண்ணெய் காத்து போற பக்கம் கசிஞ்சு, எஞ்சின் அதையே எரிச்சுக்கிட்டு ஓடுது. அப்புறம் சாவிய எடுத்தா எப்படி நிக்கும்? மொதவாட்டி கசிஞ்சது கொஞ்சம், எரிஞ்சு தீந்ததும் நின்னுருச்சு. மருந்து மேல தப்பில்லண்ணே. சொன்ன மாதிரி ஊத்திச் சொன்ன மாதிரி எறக்குனா அது நல்லதுதான். ஆனா தேஞ்சுபோன எஞ்சினுக்கு வேலைதான் செய்யணும், மருந்து ஊத்தி மூடக்கூடாது."

எஞ்சின் வேலை முழுவதையும் பழனிவேல் தன் பொறுப்பில் செய்துகொடுத்தார். வண்டி தயாராகும்வரை கோகுலகிருஷ்ணன் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேணி மட்டும் சாவியை வாங்கும்போது, "இதுக்கு மேல இந்த வண்டில எங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டாள். பழனிவேல் ஏற்கெனவே தெரிந்துபோன கிளச், கை பிரேக் கோளாறுகளோடு, அடிச்சட்டத்தில் ஒட்டுப்போட்ட விரிசலையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

பிறகு அவர் வளைவுக்குப் போனார். ஊரில் பாதிப் பேர் உண்மையை நம்பினார்கள். மீதிப் பேருக்குப் பேய்தான் வசதியாக இருந்தது. இருந்தாலும் அன்று கடையில் நான்கு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பழனிவேல் கை கூப்பினார்.

"உங்கம்மா பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு பாப்பா."

சண்முகப்பிரியா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். கோபமாக இல்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன பெரியப்பா ஆகப்போகுது? இனிமே எத வித்தாலும் அதுல இருக்குற கோளாறையும் சேத்துச் சொல்லி வித்துடுங்க. நாம வாயத் தொறந்து சொல்லாத கோளாறு அங்கயே கெடக்காது. நம்மள விட்டுட்டு, ஒண்ணுந்தெரியாத யாரு தலையிலயாவது போய் விழும். எங்கம்மா செத்துட்டா, இந்தப் பழியத் தாங்கிக்கிட்டா. லாரி வாங்குன அந்தப் பொண்ணோட புருஷன் தலையில விழுந்திருந்தா, அவ யாரு முன்னால போய் நின்னு கெஞ்சுவா?"